நெட்டைக்காலியின் புல்வெளியை மீட்க எந்த அரசு நிதியை நாடலாம்?

நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை மரத்தில் கூடு கட்டாது. உயர்மலைப் புல்வெளியில், புல் தூரின் அடியில் தரையிலேயே முட்டையிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி உச்சிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இந்தப் பறவை இல்லை. பன்னாட்டுச் செம்பட்டியல் இதை அழிவாய்ப்பு இனமாக வைத்திருக்கிறது. காரணம் வேட்டையல்ல, புல் போனதுதான். சீகை (வாட்டில் எனப்படும் அயல்நாட்டு அகேசியா மரம்), பைன், யூகலிப்டஸ் தோட்டங்கள் புல்லை மூடிவிட்டன. பழனி மலையில் மட்டும் நாற்பது ஆண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018இல் வந்த ஆய்வு காட்டியது.

சீகையை அகற்றிப் புல்லைத் திரும்பக் கொண்டுவர அரசுப் பணம் இருக்கிறது, அதுவும் பல தலைப்புகளில். எது அதிகம் கொடுக்கும் என்று பார்த்தே பல அமைப்புகள் கருத்துரு எழுதுகின்றன. அந்தக் கேள்வியே தவறு என்பது எங்கள் கருத்து. மரத்தை வெட்டிய நான்காவது ஆண்டிலும் கன்று பிடுங்க ஆள் அனுப்ப எந்த நிதி பணம் தரும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

செலவு எங்கே விழுகிறது

சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீயின் சூடு பட்டால் அதன் தோல் வெடித்து மொத்தமாக முளைக்கும். மரத்தை வெட்டி வெயிலைத் திறந்துவிட்டாலும் முளைக்கும். வெட்டிய அடுத்த மழையில் கால் வைக்க இடமில்லாமல் கன்றுகள் எழுவது இதனால்தான். முதல் மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு இருமுறை, அதன் பிறகு குறைந்தது ஒருமுறை என்று பிடுங்காவிட்டால், வெட்டிய இடம் ஐந்தே ஆண்டில் முன்னைவிட நெருக்கமான சீகைக் காடாகிவிடும். அப்படி ஆன இடங்களில் பணமும் போனது, எஞ்சியிருந்த புல்லும் போனது.

நிலம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் செலவு பல மடங்கு மாறும். புல் உயிரோடு இருந்து, சீகைக் கன்றுகள் இப்போதுதான் ஓரத்திலிருந்து ஏறிவருகின்றன என்றால் வேலை எளிது. பறவை கூடு வைக்கும் காலம் முடிந்தபின், தென்மேற்குப் பருவமழையில் மண் நெகிழ்ந்திருக்கும்போதே பென்சில் தடிமன் வரையுள்ள கன்றை வேரோடு கையால் பிடுங்கிவிடலாம். தடித்ததைத் தரைமட்டத்தில் வெட்டி, அடிக்கட்டையின் பட்டையை வேர் வரை உரித்துவிட வேண்டும். பட்டை மிச்சம் இருந்தால் மறுதுளிர் வரும். சீகையிலேயே வேரிலிருந்து குருத்து விடும் வகைகள் உண்டு. அவை உள்ள இடத்துக்கு இரட்டிப்பு ஆள் கணக்குப் போடுங்கள். ஓடையும் சதுப்பும் ஊடாடும் நிலம் என்பதால் களைக்கொல்லியைக் கருத்துருவில் எழுதவே வேண்டாம். இந்த வகை நிலத்தில் புல் நடவு தேவையில்லை, தானாகவே படரும். பறவையும் பக்கத்திலேயே இருக்கும். எந்த நிதி கிடைத்தாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முழுதாக மூடிய தோட்டம் வேறு கதை. அடியில் புல்லே இருக்காது. சோலையை (மலை மடிப்புகளில் வளரும் குட்டை மரக் காட்டை) ஒட்டிய இடமானால் சீகை நிழலில் சோலை மரக்கன்றுகள் வந்திருக்கும். அவற்றைச் சோலையாகவே வளரவிடலாம், நெட்டைக்காலிக்கு அங்கே வேலையில்லை. புல்வெளியாக மீட்க வேண்டிய சரிவில் தூர் நட்டாக வேண்டும். அரை மீட்டர் இடைவெளிக்கு ஒரு ஹெக்டேருக்கு 40,000 தூர். 30 சென்டிமீட்டர் என்றால் 1,11,000க்கு மேல். அரை மீட்டர் கணக்கிலேயே பட்டுப்போவதற்குக் கால் பங்கு சேர்த்தால் 50,000. ஒரு புல் கொத்தைப் பிரித்தால் எட்டுத் தூர் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் 6,250 கொத்துகளைத் தோண்ட வேண்டும். ஒரு ஹெக்டேரை மீட்க நல்ல புல்வெளியில் இத்தனை குழி போட்டால் மீட்பதைவிடக் கெடுப்பதுதான் மிஞ்சும். அதனால் நாற்றங்காலில் இரண்டு பருவம் பெருக்க வேண்டும்: சாலை வெட்டுச் சரிவு, தீத்தடுப்புக் கோடு போன்ற இடங்களிலிருந்து 800 கொத்து எடுத்தால் முதல் பருவத்தில் 6,400 தூர், அவை கொத்தானபின் மறுபடி பிரித்தால் 51,200.

நிதியைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நாற்றங்கால் வேலை, வெட்டுக்கு இரண்டு பருவம் முன்பே தொடங்க வேண்டும். முதல் ஆண்டே 'இத்தனை ஹெக்டேர் அகற்றப்பட்டது' என்று கணக்குக் கேட்கும் நிதி, மூடிய தோட்டத்துக்கு ஒத்துவராது.

காம்பா

காம்பா என்பது ஈடுசெய் காடு வளர்ப்பு நிதியை நிர்வகிக்கும் ஆணையத்தின் சுருக்கப் பெயர். காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றியவர்கள் கட்டிய பணம் இது. 2016ஆம் ஆண்டுச் சட்டம், 2018 விதிகள். 90 விழுக்காடு மாநிலத்திடம், 10 விழுக்காடு தேசிய ஆணையத்திடம். இதற்குள் இரண்டு பெரிய பைகள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஈடுசெய் காடு வளர்ப்புக்கான தொகை குறிப்பிட்ட இடத்துக்குக் கட்டுப்பட்டது. மரம் நடவே அதன் நோக்கம். நிகர தற்கால மதிப்பு (இழந்த காட்டின் பயன்களுக்கு ஈடாக வசூலிப்பது) என்ற தலைப்பில் வரும் தொகையே உங்களுக்கானது. அதில் குறைந்தது 80 விழுக்காட்டைக் காடு, வனவிலங்கு மேலாண்மைக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. 'வனவிலங்கு வாழிட மேம்பாடு' அதில் தெளிவாக இடம்பெற்றிருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: அந்த வேலை அந்த வனக் கோட்டத்தின் ஒப்புதல் பெற்ற செயல்திட்டத்திலோ வனவிலங்கு மேலாண்மைத் திட்டத்திலோ இருக்க வேண்டும். புல்வெளி மீட்பு என்ற சொல்லே இல்லாத செயல்திட்டம் உள்ள கோட்டத்தில் எவ்வளவு அழகாகக் கருத்துரு எழுதினாலும் நகராது. முதலில் அந்த ஆவணத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

தொண்டு நிறுவனத்தின் கணக்குக்கு இந்தப் பணம் வராது. வனத்துறைதான் செலவிடும். நாற்றங்கால் நுட்பம், கன்று பிடுங்கும் பயிற்சி, பறவைக் கணக்கெடுப்பு ஆகியவற்றைப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு நீங்கள் செய்யலாம். இதைக் குறை என்று நினைக்க வேண்டாம். காட்டு நிலத்தில் நீண்டகாலம் இருக்கப்போவது வனத்துறை மட்டுமே. பராமரிப்பு அவர்களுடைய கணக்கில் இருப்பதே பாதுகாப்பு.

காம்பாவின் பலவீனம் ஆண்டுத் திட்டம். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஒப்புதல் வேண்டும். இரண்டாம் ஆண்டுக் களையெடுப்பு தானாக வந்துவிடாது. அதனால் முதல் ஆண்டுக் கருத்துருவிலேயே ஐந்தாண்டுப் பராமரிப்பையும் ஆண்டுவாரியாகப் பிரித்துக் காட்டி, அதே நிலத்தின் எல்லை வரைபடத்தோடு நிர்வாக ஒப்புதல் வாங்குவது நல்லது. அதிகாரி மாறினாலும் கோப்பு பேசும்.

இன்னொரு சிக்கல் அலகுக் கணக்கு. காட்டுத்துறை மதிப்பீடுகள் ஹெக்டேருக்கு இத்தனை கன்று, இத்தனை குழி என்று மரத்தை வைத்தே பழகியவை. ஆயிரம் கன்று என்ற கட்டத்தில் 40,000 தூரை எழுத இடமில்லை. பழைய அட்டவணையில் திணித்தால் கடைசியில் புல்வெளியில் மரக்கன்றுதான் நடப்படும். புல்லுக்கென்று தனி மதிப்பீட்டை ஆள்நாள் கணக்கில் தயாரித்து இணையுங்கள்: கொத்து சேகரிப்பு, பிரிப்பு, நாற்றங்கால் பராமரிப்பு, சுமந்து ஏற்றுதல், நடவு, பட்டுப்போன இடத்தை நிரப்புதல், ஆண்டுக்கு இரு களையெடுப்பு. சுமை கூலியை விட்டுவிடுபவர்கள் அதிகம். சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளிய சரிவில் நடவைவிடச் சுமைக்கே கூடுதல் ஆள் பிடிக்கும்.

மைய அரசின் வாழிட மேம்பாட்டுத் திட்டம்

வனவிலங்கு வாழிட மேம்பாட்டுத் திட்டத்தில் மைய, மாநிலப் பங்கு 60:40. காப்பகங்களுக்கு உதவி, காப்பகத்துக்கு வெளியே பாதுகாப்பு, கடும் ஆபத்திலுள்ள இனங்களின் மீட்பு என்று அதில் பிரிவுகள் உண்டு. மீட்புப் பிரிவில்தான் பெரிய தொகை என்று பலர் ஓடுகிறார்கள். அந்தப் பட்டியலில் 22 இனங்கள். கானமயிலும் வரகுக்கோழியும் அடங்கிய குழு, பிணந்தின்னிக் கழுகுகள், ஜெர்டான் கல்குருவி எல்லாம் உண்டு. நெட்டைக்காலி இல்லை. ஆனால் நீலகிரி வரையாடு இருக்கிறது. அதே உயரம், அதே புல், அதே எதிரி. வரையாட்டின் பெயரில் கேட்டு நெட்டைக்காலியை அளவுகோலாக வைப்பது நேர்மையான வழியே. இரண்டின் தேவையும் எங்கே விலகுகிறது என்பதை மட்டும் கருத்துருவில் சொல்லிவிட வேண்டும். வரையாடு பாறை முகட்டை விரும்பும். நெட்டைக்காலிக்குச் சதுப்பை ஒட்டிய அடர்ந்த தூர்ப்புல் வேண்டும். முகட்டுப் பகுதியை மட்டும் சுத்தம் செய்துவிட்டு நிறுத்தினால் பறவைக்கு ஒன்றும் கிடைக்காது.

முக்குருத்தி போன்ற தேசியப் பூங்காவுக்குள் வேலை என்றால் ஒரு விதி பட்ஜெட்டையே மாற்றும். வனவிலங்குச் சட்டத்தின் 35ஆம் பிரிவுப்படி, வனவிலங்கு நலனுக்காக அகற்றும் மரத்தையும் வணிகத்துக்கு விற்கக் கூடாது. சுற்றிலும் வாழும் மக்களின் சொந்தத் தேவைக்குக் கொடுக்கலாம். சீகைக் கட்டையை விற்றுக் கூலியை ஈடுகட்டலாம் என்ற கணக்கு அங்கே செல்லாது. பூங்காவுக்கும் சரணாலயத்துக்கும் வெளியே விற்பனைக்கு வழி உண்டு, தொகை அரசுக் கணக்குக்குப் போகும். அங்கேயும் ஓர் எச்சரிக்கை: ஒப்பந்தக்காரருக்குத் தடித்த மரம்தான் லாபம். ஒல்லிக் கம்பும் கிளையும் குவியலாகக் கிடக்கும், இழுத்துச் சென்ற தடம் மழையில் ஓடையாகும். கிளைகளைச் சமமட்டத்தில் வரிசையாக அடுக்க வேண்டும், எரிக்கக் கூடாது, சதுப்புக்குள் வண்டி இறங்கக் கூடாது ஆகிய மூன்றும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே இருக்க வேண்டும். பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

மாநிலத் திட்டங்கள்

தமிழ்நாடு அரசின் நீலகிரி வரையாடு திட்டம் 25.14 கோடி ரூபாயில் 2022 முதல் 2027 வரைக்கானது. அப்பர்பவானியில் சோலைப் புல்வெளியை மீட்கும் முன்னோடி வேலையும் அதன் நோக்கங்களில் ஒன்று. இனி புதிதாக இதற்குள் நுழைய நேரம் குறைவு. அந்த முன்னோடி நிலத்துக்குப் பராமரிப்பும் பறவைக் கணக்கும் தொடர வேறு தலைப்பில் பணம் கேட்பதே இப்போது அறிவான வேலை. ஏற்கெனவே வெட்டிய இடத்தைக் கைவிடாமல் காப்பது, புதிதாக ஒரு சரிவைத் திறப்பதைவிட மலிவு.

ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு நடக்கும் பல்லுயிர்ப் பாதுகாப்பு, பசுமையாக்கல் திட்டம் சுமார் 920 கோடி ரூபாய், எட்டு ஆண்டுகள். பல ஆண்டுத் தொடர்ச்சி இதன் பெரிய பலம். நாம் கேட்கும் நான்காம் ஆண்டுப் பணம் இங்கே கிடைக்க வாய்ப்பு உண்டு. நடைமுறை கனமானது. கொள்முதல் விதி, காலாண்டு அறிக்கை, கோட்ட அளவிலான திட்டம் எல்லாம் உண்டு. பத்து ஹெக்டேர் மட்டும் கையில் வைத்திருக்கும் சிறு அமைப்பு நேராகப் போய்க் கேட்கும் இடமல்ல. கோட்டத் திட்டத்துக்குள் உங்கள் சரிவு ஒரு வரியாக இடம்பெற வைப்பதே வழி.

அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென்று 2022இல் மாநில அரசு தனிக் கொள்கை வெளியிட்டது. அது நேராகப் பணம் தரும் திட்டமல்ல. ஆனால் எந்தத் தலைப்பில் கேட்டாலும் கருத்துருவின் முதல் பத்தியில் அதை மேற்கோள் காட்டுங்கள். 'மரத்தை ஏன் வெட்டுகிறீர்கள்' என்ற கேள்விக்கு அரசின் சொந்தப் பதில் அதில் இருக்கிறது.

நேராக உங்கள் கணக்குக்கு வரும் சிறு மானியங்கள்

உலகச் சுற்றுச்சூழல் வசதியின் சிறு மானியத் திட்டம், வழக்கமாக 50,000 டாலருக்குள், உள்ளூர் அமைப்புகளுக்குக் கொடுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் தேர்ந்தெடுத்த நிலப்பரப்புகளுக்கு மட்டுமே அழைப்பு வரும். உங்கள் மலை அதில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு பக்கம்கூட எழுத வேண்டாம். ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு வழியாக வருவது சிறிய தொகை. வெட்டுக்கு அது போதாது. நாற்றங்காலுக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் புல் இனங்களைச் சேர்ப்பதற்கும் பொருந்தும். தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளை ஒட்டிய புல்வெளியானால் வன உரிமைச் சட்டப்படி கிராம சபையோடு பேசாமல் எதையும் தொடங்கக் கூடாது. எருமை மேயும் தடமும் கோயில் கூரைக்கு எடுக்கும் சதுப்புப் புல்லும் அவர்களுக்குத்தான் தெரியும். நாற்றங்காலை நடத்த அவர்களைவிடத் தகுந்தவர் இல்லை, அதற்கான கூலி மானியத்தில் முழுதாக எழுதப்பட வேண்டும்.

வெளிநாட்டு அறக்கட்டளைப் பணம் என்றால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கூட்டாகச் செய்ய நினைக்கும் இரண்டு அமைப்புகள் இங்கேதான் சிக்கிக்கொள்கின்றன.

தவிர்க்க வேண்டியவை

மரம் நடும் பணம் எதுவும் இந்தப் பறவைக்கு ஆகாது. பசுமைக் கடன் (கிரீன் கிரெடிட்) திட்டத்தின் 2024ஆம் ஆண்டு வழிமுறை ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம் கேட்டது. தரிசு, புதர் நிலம் என்று பதிவாகியிருக்கும் புல்வெளிகளே அதன் இலக்காகும் ஆபத்து உண்டு. மரப்பரப்பை 33 விழுக்காடாக்கும் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்துக்கும் இது பொருந்தும். சமவெளியில் நல்ல வேலை, 2,000 மீட்டருக்கு மேலே வேண்டாம். மலைப் புல்வெளி காடழிந்த இடமல்ல. பல்லாயிரம் ஆண்டுகளாகப் புல்லாகவே இருந்த நிலம். பணம் கிடைக்கிறதே என்று இந்தத் தலைப்புகளில் நுழைந்து, ஓரமாகக் கொஞ்சம் புல் நடலாம் என்று சமரசம் செய்யாதீர்கள். அங்கே மரம் வைத்தால் நெட்டைக்காலிக்குச் செய்யும் உதவி ஒன்றுமில்லை, தீங்குதான்.

நாட்காட்டியும் கணக்கும்

எந்த நிதியானாலும் பெரும்பாலும் வேலையைக் கெடுப்பது தேதி. நெட்டைக்காலி பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூலை வரை கூடு வைக்கும். அதனால் வெட்டு ஜனவரி முதல் மார்ச் வரை, நிலம் காய்ந்திருக்கும்போது முடிய வேண்டும். தூர் நடவு ஜூன் மழையில். நீலகிரியின் குந்தா பக்கம் மழை பெரும்பாலும் தென்மேற்குப் பருவத்தில்தான். நடவு வேலையைக் கூடு இல்லாத, முன்பு மூடியிருந்த சரிவுக்குள் நிறுத்தி, ஓரத்துப் பழைய புல்லில் ஆள் நடமாட்டத்தைத் தவிர்க்க வேண்டும்.

அரசுப் பணமோ மழைக்குப் பிறகுதான் பெரும்பாலும் கைக்கு வரும். மார்ச் 31க்குள் செலவிடவும் சொல்லும். அந்த நெருக்கடியில் நவம்பரில் நட்டால் டிசம்பர், ஜனவரி உறைபனியில் தூர் கருகும். பணம் தாமதமாக வந்தால் அந்த ஆண்டு வெட்டையும் நாற்றங்காலையும் மட்டும் செய்வது, நடவை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளுவது என்ற மாற்று வரியைக் கருத்துருவிலேயே எழுதி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அனுமதித்த வேலைப் பட்டியலில் இருந்தால் தணிக்கையில் கேள்வி வராது.

மைய அரசின் மானியம் நேராக வாங்கும் அமைப்புக்கு நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பதிவு எண் வேண்டும். பணத்தின் மீது வங்கியில் கிடைத்த வட்டி உங்களுடையதல்ல, திருப்பிக் கட்ட வேண்டும். பயன்பாட்டுச் சான்றிதழ் 12-அ படிவத்தில், நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள். விதி அவ்வளவு நேரம் கொடுத்தாலும் நீங்கள் ஏப்ரலிலேயே கொடுங்கள். சான்றிதழ் போகாமல் அடுத்த தவணை வராது, தவணை வராவிட்டால் அந்த மழைக்காலக் களையெடுப்பு போகும். மலைவேலைக் கூலிக்குக் கையெழுத்துப் பட்டியல், வங்கிக் கணக்கு, நாள்வாரி ஆள் பதிவு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பெரும்பாலும் சான்றிதழ் நிற்பது இந்த இடத்தில்தான்.

எங்கள் தேர்வு

கன்றுகள் ஏறிவரும் ஓரநிலம், பத்து இருபது ஹெக்டேர், செயல்திட்டத்தில் புல்வெளி மேலாண்மை இருக்கிறது என்றால் காம்பா. யோசிக்க வேண்டாம். பூங்காவுக்குள் என்றால் மைய அரசின் வாழிடத் திட்டத்தில் காப்பகப் பிரிவு, வரையாட்டை முன்னிறுத்தி. மூடிய தோட்டத்தைத் திறப்பதானால் பல ஆண்டுத் திட்டத்துக்குள் இடம் கிடைக்கும் வரை காத்திருங்கள். அதுவரை சிறு மானியத்தில் நாற்றங்காலை மட்டும் தொடங்குங்கள். இரண்டு பருவத் தூர் கையில் இருப்பது எந்தக் கருத்துருவுக்கும் வலு. ஐந்தாண்டுப் பராமரிப்புக்கு உறுதி கிடைக்கவில்லை என்றால் பரப்பைக் குறையுங்கள். இருபது ஹெக்டேருக்குக் கிடைத்த ஓராண்டுப் பணத்தை விட, நான்கு ஹெக்டேருக்கு ஐந்தாண்டுப் பணம் மேல்.

அடுத்த ஆண்டுத் திட்டத்தில் இடம்பெற, மாவட்ட வன அலுவலரிடம் அக்டோபருக்குள் கொடுத்துவிடுவது நல்லது. உடன் இணைக்க வேண்டியவை: ஜிபிஎஸ் எல்லையோடு நில வரைபடம், அதில் கன்றேறும் ஓரநிலம், சோலையாக விடும் இடம், தூர் நட வேண்டிய சரிவு என்ற மூன்று வகை நிலத்தையும் பிரித்துக் காட்டிய வண்ணம், செயல்திட்டத்தின் தொடர்புடைய பக்க நகல், ஆள்நாள் மதிப்பீடு ஆண்டுவாரியாக, நாற்றங்கால் இருப்பு, கண்காணிப்பு முறை. கண்காணிப்புக்கு ஒரு மீட்டர் சதுரக் கட்டங்களைச் சரிவில் நிலையாகக் குறித்து, ஒவ்வொரு களையெடுப்புக்கும் முன் சீகைக் கன்றை எண்ணுங்கள். நெட்டைக்காலியைக் கூடு வைக்கும் பருவத்தில், அதே புள்ளிகளில், அதே காலை நேரத்தில், வெட்டுக்கு ஓராண்டு முன்பிருந்தே கணக்கெடுங்கள். பக்கத்தில் கை வைக்காத புல்வெளி ஒன்றிலும் எடுங்கள். வெட்டுக்கு முந்தைய கணக்கு இல்லாத கருத்துருவில், மூன்றாம் ஆண்டு பறவை வந்தாலும் அது உங்கள் வேலையால் வந்தது என்று காட்ட முடியாது. நான்காம் ஆண்டுப் பணம் கேட்கப் போகும்போது அந்தத் தாள்தான் கையில் இருக்க வேண்டும்.